உடல் மாறினால் ஏடும் மாற வேண்டும்!

(புதுக்கோட்டை மாவட்ட ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடை என்றதும் மாநில அரசியல், மத்திய அரசியல், உலக அரசியல் என்று பெரும் பெரும் செய்திகளையே பேசிப் பழகிவிட்டோம். இன்று ஒரு சிறிய தாளைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். அந்தத் தாளிலே ஒரு பெயர் இருக்கும். ஒரு நிழற்படம் இருக்கும். ஓர் எண் இருக்கும். சில தாள்களில் ஒரு தேதியும் இருக்கும். அந்த எண் 75 என்றிருந்தால் ஓர் ஏழைக் குடும்பத்திலே மாதந்தோறும் அடுப்பெரிய ஒரு வழி பிறக்கும். 60 என்றிருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். அந்தத் தேதி கடந்துவிட்டாலோ, நேற்று வரை எரிந்த அடுப்பும் அணைந்துவிடும். மாற்றுத்திறனாளிக்கு மருத்துவர் அளிக்கும் சான்றிதழ்தான் அந்தத் தாள்.

உடலின் நிலை மாறுகிறது. ஆனால் தாளிலே உள்ள எண் மாறவில்லை. அப்போது என்ன செய்வது? யார் செய்வது? செய்யவிடாமல் தடுப்பது எது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். 'இதிலென்ன அரசியல் இருக்கிறது?' என்று எவரேனும் கேட்பாராயின், ஏழையின் சோற்றைத் தீர்மானிக்கின்ற எண்ணைக் காட்டிலும் பெரிய அரசியல் வேறு எது என்று அவரைத் திருப்பிக் கேட்பேன்.

அருளா, உரிமையா?

நாம் கூடியிருக்கும் இந்த மண் 1948 மார்ச் 3ஆம் நாள் வரையில் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்த மண். அந்நாளிலே கையற்றவனும் காலற்றவனும் உதவி வேண்டுமென்றால் அரண்மனையின் அருளை நாடி நிற்க வேண்டும். கிடைத்தால் வாழ்த்திவிட்டு வருவான். கிடைக்காவிட்டால் விதியை நொந்துகொண்டு வருவான். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கும் உரிமை அவனுக்கில்லை. அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அருளை மறுத்தவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உரிமையை மறுத்தவன் காரணம் சொல்லியே ஆகவேண்டும்.

மக்களாட்சி வந்தது. 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமாக உருவெடுத்த அதே 1974இல், ஆதரவற்ற ஊனமுற்றோருக்கும் தமிழக அரசு ஓய்வூதியத் திட்டம் வகுத்தது. 1995இல் நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கென ஒரு சட்டம் இயற்றி, 7 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்று ஒப்பமிட்டு உறுதி செய்தது. அதன் விளைவாக 2016ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 2017 ஏப்ரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 7 வகை 21 வகையாயிற்று. தசைச்சிதைவும், பார்க்கின்சன் நோயும், தலசீமியாவும், அமில வீச்சுக்கு ஆளானோரின் பாதிப்பும் அந்தப் பட்டியலிலே இடம்பெற்றன.

தமிழகத்திலே 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை அரசு ஏற்றது. நல்ல சொல், மதிப்பளிக்கும் சொல். ஆனால் தோழர்களே, சொல் மாறினால் மட்டும் போதுமா? சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வரிசை மாற வேண்டாமா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, 7 வகைச் சட்டம் நடப்பிலிருந்த அந்த நாளிலேயே, தமிழகத்தில் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்கள் நிற்கும் வரிசையைப் பற்றித்தான் பேசுகின்றேன்.

மூன்று படிகள்

சட்டத்தின் வாயிலுக்கு மூன்று படிகள் உண்டு. முதற்படி 40 விழுக்காடு. அதற்குக் குறைந்தால் சட்டம் வழங்கும் முக்கியமான சலுகைகள் பெரும்பாலும் எட்டாது. இரண்டாம் படி 75 விழுக்காடு. கை கால் குறைபாட்டினால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்று கருதித் தமிழக அரசு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்க வேண்டுமாயின், இந்தப் படியை எட்டியாக வேண்டும். அந்தத் தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவுத்திறன் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 விழுக்காடே போதும் என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. மூன்றாம் படி 80 விழுக்காடு. மத்திய அரசின் இந்திராகாந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் அந்தப் படியிலேதான் தொடங்குகிறது. அந்த ஓய்வூதியத்துக்கு மத்திய அரசு தன் பங்காக 2012இல் நிர்ணயித்த தொகை மாதம் 300 ரூபாய். மாதம் 300! நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் மாநிலம் தன் மடியிலிருந்து எடுத்து வைப்பது.

இப்போது ஒருவரை மனக்கண் முன் நிறுத்துங்கள். திருமயம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் வேலை செய்தவர். ஒரு கால் போயிற்று. மருத்துவர் 60 விழுக்காடு என்று எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆறாண்டுகள் கழிந்தன. நீரிழிவு மற்றொரு காலையும் தின்றுவிட்டது. இன்று அவர் திண்ணையைவிட்டு இறங்க இருவர் தூக்க வேண்டும். ஆனால் அவர் பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் தாள் இன்னும் 60 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. உடல் ஒன்று சொல்கிறது. ஏடு வேறொன்று சொல்கிறது. அரசு எதை நம்பும்? ஏட்டைத்தான் நம்பும். ஆகவே அந்த ஏட்டை மாற்றியாக வேண்டும். மறுமதிப்பீடு என்பது இதுதான்.

உடல் ஓரிடத்தில் நிற்பதில்லை

சில குறைபாடுகள் மாறா. துண்டிக்கப்பட்ட கை மீண்டும் முளைக்காது. ஆனால் மாறுகின்ற குறைபாடுகள் பல. டுஷென் வகைத் தசைச்சிதைவு கொண்ட சிறுவன் ஆறு வயதிலே தடுமாறி நடக்கிறான். பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறான். விழித்திரை நோய் கொண்டவருக்குப் பார்வை ஆண்டுக்காண்டு மங்குகிறது. மனநோய் கொண்டவருக்கு ஒரு மாதம் தெளிவு, மறு மாதம் இருள். பக்கவாதம் வந்தவர் சிலருக்குப் பயிற்சியினால் கை திரும்புகிறது. சிலருக்கு இரண்டாம் முறை தாக்கி எஞ்சியதும் போகிறது.

இதனைச் சட்டமும் அறிந்தே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகள், நிலை மாறுவதற்கு வாய்ப்பில்லாத குறைபாட்டுக்கு நிரந்தரச் சான்றும், மாறுவதற்கு வாய்ப்புள்ள குறைபாட்டுக்குக் காலவரம்பு குறித்த சான்றும் வழங்கச் சொல்கின்றன. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைக்கு 5, 10, 18 ஆகிய வயதுகளில் சான்றினைப் புதுப்பிக்க வேண்டுமென்று 2018இல் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் கூறின. நிரந்தரம் என்று அச்சிட்டிருந்தாலும்கூட, உடல் மேலும் கெட்டுவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை. விதிகளோடு இணைந்துவந்த விண்ணப்பப் படிவமே, 'முன்பு சான்று பெற்றதுண்டா? பெற்றிருந்தால் நகலை இணைக்கவும்' என்று கேட்கிறது. பழைய ஏடு இருக்கும்போதே புதிய ஏடு கேட்பவர்கள் வருவார்கள் என்று படிவத்தை எழுதியவர் எதிர்பார்த்திருக்கிறார் என்பதுதானே இதன் பொருள்?

பிறகு ஏன் நம் மக்கள் போவதில்லை?

அச்சம் பிறக்கும் இடம்

முதற் காரணம் தொலைவு. மணமேல்குடிக் கடற்கரையிலிருந்தும், ஆவுடையார்கோயில் சிற்றூர்களிலிருந்தும், விராலிமலைக்கு அப்பாலிருந்தும் மாவட்டத் தலைநகருக்கு வருவதென்றால், நடக்க முடியாதவருக்கு அது ஒரு யாத்திரை. பேருந்திலே ஏற்றிவிட ஒருவர், இறக்கிவிட ஒருவர். உடன் வருபவருக்கு அன்றைய கூலி போயிற்று. சென்ற பின்னர், 'இன்று அந்தப் பிரிவு மருத்துவர் வரவில்லை, அடுத்த வாரம் வா' என்றால் அந்த யாத்திரை மீண்டும் தொடங்குகிறது.

இரண்டாம் காரணம் காலம். சான்று வழங்க மருத்துவ அதிகாரிக்கு 2017ஆம் ஆண்டு விதி அளித்த காலம் ஒரு மாதம். 2024 அக்டோபரில் மத்திய அரசு அதனை மூன்று மாதமாக நீட்டியது. அதோடு நிற்கவில்லை, இரண்டாண்டுகளுக்கு மேல் மருத்துவ அதிகாரி முடிவெடுக்காமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்துவிடும், விண்ணப்பித்தவர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் விதி வகுத்தது. நீதியைப் பாருங்கள் தோழர்களே! காலந்தாழ்த்தியது அதிகாரி, தண்டனை விண்ணப்பித்தவனுக்கு! கடன் கொடுத்தவனையே சிறையிலே தள்ளுவது போன்றதல்லவா இது?

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. அது ஐயப்பாடு. 2024இல் ஒரு பயிற்சி ஆட்சிப்பணி அலுவலர் அளித்த சான்றுகள் பற்றிய வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. அவருடைய தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நீக்கியது. தவறு செய்தவர் யாராயினும் தண்டிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைக் கொண்டு தண்டிக்கட்டும். நாம் குறுக்கே நிற்கமாட்டோம். ஆனால் மேலிடத்திலே ஒருவர்மீது எழுந்த புகாருக்காக, கீழே தவழ்ந்து வருகின்ற ஆயிரமாயிரம் பேரையும் திருடர்களைப் போல் ஏற இறங்கப் பார்ப்பது எந்த நியாயம்?

இந்தப் பார்வைக்கு அஞ்சித்தான் நம்மவர் ஒதுங்குகின்றனர். 'இருக்கிற 60ஐக் குறைத்துவிட்டால் என்ன செய்வேன்? பேருந்துச் சலுகையும் போய்விடுமே! சும்மா இருப்பதே மேல்' என்று நினைக்கின்றனர். இரண்டு கால்களையும் இழந்தவர், மேலும் பெற வேண்டியதைக் கேட்பதற்கே அஞ்சி, பழைய தாளை இறுகப் பற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ஆட்சியின் கருவூலத்துக்கு இதனால் இலாபம் இருக்கலாம். ஆனால் அது அச்சத்தால் சேர்ந்த இலாபம். மக்களாட்சிக்கு அது மானக்கேடு.

உலகம் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வச் செழிப்புமிக்க அமெரிக்காவைப் பாருங்கள். 1980இல் அங்கே ஒரு சட்டத்திருத்தம் வந்தது. ஊனமுற்றோர் உதவி பெறுவோரை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1981இல் ரீகன் ஆட்சி அதனை ஒரு வேட்டையாகவே நடத்தியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் உதவி நிறுத்தப்பட்டது. அவர்களில் பலருக்கு உடல்நிலையில் எந்த முன்னேற்றமும் இல்லை; அவர்களை அளந்த கோல்தான் மாறியிருந்தது. மேல்முறையீட்டிலே ஏறத்தாழ 2 இலட்சம் பேர் தங்கள் உதவியைத் திரும்பப் பெற்றனர். நீதிமன்றங்கள் கண்டித்தன; மாநிலங்கள் பல மறுபரிசீலனையை நடத்த மறுத்தன. முடிவில் 1984இல் புதிய சட்டம் வந்தது. கீழவையில் 402 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. மேலவையில் 99 பேர் ஆதரவு, அங்கும் எதிர்ப்பு ஒன்றுமில்லை. வேட்டையைத் தொடங்கிய அதே ரீகன்தான் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் சொன்னது என்ன? ஒருவருடைய உதவியை நிறுத்த வேண்டுமானால், அவருடைய உடல்நிலை மருத்துவ வகையில் மேம்பட்டிருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும் என்றது. 'நீ இன்னும் நோயாளிதான் என்று மெய்ப்பித்துக் காட்டு' என்று ஏழையைப் பார்த்து அரசு சொல்லும் நிலையை மாற்றி, 'இவர் மேம்பட்டார் என்று நீ காட்டு' என்று சட்டம் அரசைப் பார்த்துச் சொல்லிற்று. மெய்ப்பிக்கும் சுமை ஏழையின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறியது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

வெகுதூரம் போவானேன்? அண்டை மாநிலமாம் ஆந்திரத்துக்கு வருவோம். அங்கே 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆகவும், படுக்கையிலேயே கிடப்போருக்கு 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆகவும் உயர்த்தினார்கள். பாராட்டத்தக்க செயல், தமிழகமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செயல். ஆனால் மறு ஆண்டே, 2025இல், பெற்றுக்கொண்டிருந்தோரையெல்லாம் மீண்டும் மருத்துவர் முன் நிறுத்தினார்கள். 40க்குக் குறைந்துவிட்டது என்று ஆகஸ்டு மாதத்திலே பெருந்தொகையானோர் வீட்டுக்கு அறிவிக்கை போயிற்று. கொதிப்பு எழுந்தது, போராட்டம் எழுந்தது. மேல்முறையீடு செய்தவர்களுக்கு உதவி தொடரும் என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. போராடியிராவிட்டால் அந்தச் சொல் வந்திருக்குமா?

இங்கிலாந்திலும் 2025 ஜூலை முதல் நாளன்று, உதவிக்கான தகுதியை இறுக்க முற்பட்ட தொழிற்கட்சி அரசு, தன் சொந்தக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டது. ஆளுங்கட்சிக்காரர் என்பதற்காக அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. கட்சிப்பற்று என்பது ஏழைக்கு எதிராக வாய்மூடிக் கிடப்பதன்று என்பதை அவர்கள் காட்டினார்கள்.

நலம் பெற்றவர் நிலை

'அப்படியானால் நலம் பெற்றவருக்கும் உதவி தொடர வேண்டும் என்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி எழும். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். உடல் கெட்டால் எண் உயர வேண்டும் என்று கேட்கின்ற நாம், உடல் தேறினால் எண் குறைவதையும் ஏற்கத்தான் வேண்டும். ஏடு மெய் சொல்ல வேண்டும் என்பதே நம் வாதம். அது ஒரு பக்கத்துக்கு மட்டும் மெய் சொல்ல வேண்டும் என்று கேட்டால், நம் வாதத்தின் வேரையே நாம் அறுத்தவர்களாவோம்.

ஆனால் நலம் எது என்பதிலே ஏமாறக்கூடாது. ஊன்றுகோலோடு நடக்கிறான் என்பதைக் கண்டு, 'இவன்தான் நடக்கிறானே, இவனுக்கு ஊன்றுகோல் எதற்கு?' என்று பிடுங்குபவன் அறிவாளியா? மருந்து தின்பதால் வலிப்பு வராமலிருப்பவனுக்கு நோய் நீங்கிற்று என்று எழுதலாமா? மாதம் 2,000 ரூபாய் வருவதால் மருந்து வாங்க முடிகிறது. மருந்து வாங்குவதால் உடல் நிற்கிறது. உடல் நிற்பதைக் காட்டி அந்த 2,000த்தை நிறுத்தினால், உடலும் விழும், குடும்பமும் விழும். மெய்யாகவே தேறியவருக்கும் உதவியை நிறுத்தும் அன்றே வேலைக்கான வழி காட்டப்பட வேண்டும். ஏணியை எடுத்துவிட்டு 'மேலே ஏறு' என்பது ஆட்சி ஆகாது.

மருத்துவர்களுக்கும் ஒரு சொல். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1886இல் பிறந்த ஊர் இது. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த கல்லூரியிலே அமர்ந்து பயின்று, மருத்துவராகி, சட்டமன்றம் ஏறி, அடையாற்றிலே 1954இல் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர் அவர். அவர் பிறந்த மண்ணிலே மருத்துவர் என்பவர் காவல்துறையின் வேலையைப் பார்க்கலாகாது. மிகைப்படுத்தியும் எழுத வேண்டாம். குறைத்தும் எழுத வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதை எழுதுவதற்குப் போதிய நேரம் கொடுத்துப் பாருங்கள். அவ்வளவே வேண்டுகோள்.

ஊழியர் செய்ய வேண்டியவை

தோழர்களே, கோரிக்கை எழுப்புவது ஒரு பாதி. பணி செய்வது மறு பாதி. உங்கள் கிளையிலே, உங்கள் தெருவிலே சான்றிதழ் வைத்திருப்போர் யார் யார்? ஒரு நோட்டுப் புத்தகத்திலே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் தாளையும் வாங்கிப் படியுங்கள். நிரந்தரமா, காலவரம்பு உள்ளதா? வரம்பு இருந்தால் முடியும் நாள் எது? விதியே மூன்று மாதம் அவகாசம் எடுத்துக்கொள்வதால், அந்த நாளுக்கு நான்கு மாதம் முன்னதாகவே பணியைத் தொடங்குங்கள். 2021 ஜூன் முதல் நாளிலிருந்து சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இணையத்தின் வழியாகவே வழங்கப்படுகின்றன. எண்பது விழுக்காட்டுக்கு மேல் நீல நிற அட்டை. நாற்பதிலிருந்து எண்பதுக்குள் மஞ்சள். நாற்பதுக்குக் கீழ் வெள்ளை. இணையம் தெரியாதவருக்கு இணையம் தெரிந்த தம்பி ஒருவரைத் துணையாக்குங்கள். விண்ணப்பித்த எண்ணையும் நாளையும் கட்டாயம் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கேட்கப்படுகின்ற வாழ்நாள் சான்று வேறு, மறுமதிப்பீடு வேறு. முன்னது 'நான் உயிரோடிருக்கிறேன்' என்று சொல்வது. பின்னது 'என் உடல் இந்நிலையில் இருக்கிறது' என்று சொல்வது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றும் முடிந்தது என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. இரண்டையும் பிரித்து விளக்குங்கள்.

மருத்துவக் குழுவுக்குப் போவதற்கு முன், கையில் உள்ள மருத்துவச் சீட்டுகள், படச்சுருள்கள், அறுவை செய்த குறிப்புகள், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கச் செய்யுங்கள். பழைய சான்று எழுதிய பிறகு என்ன மாறியிருக்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மேலே வையுங்கள். நூறு பக்கத்தை மருத்துவர் படிக்கமாட்டார். ஒரு பக்கத்தைப் படிப்பார்.

நம் மக்களின் இயல்பு ஒன்றை நீங்கள் அறிவீர்கள். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று எவர் கேட்டாலும், 'ஏதோ உங்கள் புண்ணியத்திலே நன்றாக இருக்கிறேன் ஐயா' என்று சொல்வது நம் பண்பாடு. திருமண வீட்டிலே அது அழகு. மருத்துவக் குழுவின் முன் அது ஆபத்து! கஞ்சி குடிக்க ஒருவர் ஊட்ட வேண்டுமா? இரவிலே எத்தனை முறை எழுப்ப வேண்டும்? கழிப்பறைக்குத் தனியே போக முடியுமா? வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். மனநோயை அளக்கின்ற 'ஐடியாஸ்' என்னும் அளவுகோல், தன்னைப் பேணிக்கொள்ளல், பிறரோடு பழகல், பேசிப் புரிந்துகொள்ளல், வேலை செய்தல் ஆகிய நான்கையும் பார்க்கிறது. அன்றைக்குத் தெளிவாக இருக்கும் பிள்ளையை அழைத்துப்போகும் தாய், தெளிவில்லாத நாட்களின் கதையையும் சொன்னால்தான் அளவு சரியாக இருக்கும்.

மறுத்துவிட்டால்? வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். தகுதியில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதி கூறுகிறது. அந்த எழுத்தை வாங்குங்கள். வாங்கிய நாளைக் குறியுங்கள். 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு கடந்த பின் அழுதால் பயனில்லை.

இறுதியாக, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'விழுக்காட்டைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்கள்' என்று உங்களிடம் வருவோர் உண்டு. அந்தப் பரிந்துரைக்கு ஒருநாளும் இணங்காதீர்கள். பொய்யான ஒரு சான்று, மெய்யான நூறு பேரைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. படிவம் நிரப்பிக் கொடுத்ததற்கு ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள். தரகனும் நாமும் ஒரே திண்ணையில் அமர்ந்தால், யார் தரகன், யார் தொண்டன் என்று மக்கள் எப்படி அறிவர்?

நாம் கேட்பது

அரசுகளிடம், மத்திய அரசாயினும் மாநில அரசாயினும், எந்தக் கட்சி ஆண்டாலும், நாம் கேட்பவை இவை.

மறுமதிப்பீடு முடிந்து, மேல்முறையீடும் தீரும் வரையில் ஒருவருடைய உதவியை நிறுத்தக்கூடாது. குறைக்க வேண்டுமானால், உடல் மேம்பட்டது என்பதைக் காட்டும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும். உடல் கெட்டு எண் உயர்ந்தவருக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை தர வேண்டும். மூன்று மாதம் காலந்தாழ்த்தியது அரசு, ஏழை அன்று. மருத்துவக் குழு வட்டந்தோறும் குறித்த நாளில் வர வேண்டும். படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும். மறுப்புக்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். இரண்டாண்டு கடந்தால் விண்ணப்பம் செயலிழக்கும் என்ற விதியை அடியோடு நீக்க வேண்டும். மத்திய அரசு தன் பங்கான 300 ரூபாயை உயர்த்த வேண்டும். பிறருக்கான திட்டங்களைக் காட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு கூறுகிறதே, அதனை ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடக்கூடாது.

தோழர்களே! 1991, 92ஆம் ஆண்டுகளில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு வியப்பை நிகழ்த்தியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவித்தார்கள். கல்குவாரியிலே கல்லுடைத்த பெண்களும், வயலிலே நாற்று நட்ட பெண்களும், எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறிச் சென்ற காட்சியை நாடே திரும்பிப் பார்த்தது. அன்று கற்பித்தவர்கள் பெரும் படிப்பாளிகள் அல்லர். நம்மைப் போன்ற தொண்டர்களே.

அதே ஊர்கள்தான் இன்றும் இருக்கின்றன. அன்று 'இது என்ன எழுத்து?' என்று கேட்டுக் கற்ற தாய், இன்று தன் மகனின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு 'இது என்ன தேதி?' என்று கேட்கிறாள். அந்தத் தேதி வருவதற்குள் அவள் வாயிலுக்கு நீங்கள் போக வேண்டும். நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். உங்கள் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.